ஆணியால் கீறிய பக்கம்

என் அப்பா பாடி வெளிவந்த இசைத்தட்டு ஒன்றே ஒன்றுதான். எங்கள் திருச்சபையில் அதை வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் அவர் கட்டிய கீர்த்தனை. அந்தப் பக்கம் கறுத்துப் பளபளவென்று இருக்கும். மறுபக்கத்தை மூப்பர் ஒருவர் ஆணியை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்திருந்தார். தவறிக்கூட யாரும் அதைப் போட்டுவிடக் கூடாதாம். கீறிய அதே கையில் ஞாயிறுதோறும் காணிக்கைப் பை ஏந்தி எங்கள் முன்னால் வருவார்.

அப்பா இளம்பிள்ளைத் தறிக்காரர். அம்மாவும் அவரும் ஞானஸ்நானம் வாங்கிய அன்றே அந்தத் தெரு அவரைத் தலைமுழுகிவிட்டது. கூடப் பிறந்த தம்பி, என் சித்தப்பா, சந்தையில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அப்பா செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குடிவந்து மறுபடி தறி போட்டார். நெய்துகொண்டே பாட்டுக் கட்டுவார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. மகள் நான், தறி நாடாவுக்குத் தார் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒரு சொல் பிடிக்காவிட்டால் மூன்று நாள் அதையே முணுமுணுத்து என் உயிரை வாங்குவார்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது, அம்மா செத்தபோது கட்டிய அடக்கப் பாட்டு. நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து மடிப்பதுபோல ஆண்டவர் நம்மை எடுத்து மடித்து வைத்துக்கொள்வார் என்று அதில் வரும். ராசிபுரம், திருச்செங்கோடு வரைக்கும் எந்தச் சபையில் சாவு விழுந்தாலும் அதைப் பாடாமல் பெட்டியைத் தூக்க மாட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்கு இடப்பக்கம் ஆறடி இடம் விட்டு வைக்கச் சொல்லியிருந்தார் அப்பா.

செவ்வாய்ப்பேட்டையில் இசைத்தட்டு விற்ற கடைக்காரர் சொல்லித்தான் சென்னைக் கம்பெனி அப்பாவை அழைத்தது. துணைக்கு நானும் ரயிலேறினேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. அடக்கப் பாட்டை ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டார். மறுபக்கத்துக்கு வைத்திருந்த இன்னொரு கீர்த்தனைதான் காலை வாரிவிட்டது. தட்டில் மூன்று நிமிடத்துக்குமேல் இடமில்லை. பாட்டோ நீளம். சரணத்தைக் குறைத்தால் அப்பாவுக்கு வார்த்தை தடுக்கியது. பதிவு செய்யும் மெழுகுத் தட்டு இரண்டு வீணாயிற்று. கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தடுக்காம வர்ற பாட்டு ஏதாவது இருந்தா பாடுங்க, போதும்" என்றார்.

அப்பா கண்ணை மூடினார். வந்தது, பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும்போது அவருடைய அப்பா பாடிய பாட்டு. எதை எடுத்தோம் என்பதே இரண்டாம் அடியில்தான் தெரிந்தது என்று பிறகு சொன்னார். கதவோரம் இருந்த எனக்கு முதலடியிலேயே தெரிந்துவிட்டது. பதிவாகும்போது மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா அவ்வளவு நன்றாகப் பாடி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"அதப் போட மாட்டாங்க சாமி. சும்மா பாடிக் காட்டுனதுதானே" என்று திரும்பும்போது ரயிலில் சொன்னார். போட்டுவிட்டார்கள்.

தட்டு கடைக்கு வந்த மாதமே சபையில் விசாரணை. எங்கள் போதகர் ஐயர் கெட்டவர் இல்லை. சபைக்கு முன்னால் நின்று, அந்தப் பாட்டைப் பாடியது பாவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். சொல்லும்வரை இராப்போஜனத்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. சொல்லாமல் செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. அப்படிப்பட்டவர்களைக் கிளுவை வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள். அப்பா சொல்வதாகத்தான் இருந்தார். எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டு எழுதிக்கூட வாங்கினார்.

அந்த வாரம் சித்தப்பா வந்தார். பதினாறு வருடம் கழித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"அப்பன் கொரலு அப்பிடியே இருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். அப்பா அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி அழுதார்கள். பிறகுதான் தெரிந்தது, சித்தப்பா வீட்டுத் தட்டில் கீர்த்தனைப் பக்கத்தில் ஊசி பட்டதே இல்லை என்று. அவர் ஆணியை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சபைக்கு முன்னால் எழுந்து நின்றார். நான் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

"நானு கும்புட்டுப் பாடுலீங்க. அது எங்கப்பன் பாட்டுங்க. அதப் பாடுனது பாவம்னா, எங்கப்பன் பாவம்னு ஆயிருமுங்க. அத நாஞ் சொல்ல மாட்டனுங்க."

சொல்லிவிட்டுப் போய் வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எட்டு வருடம் அதுதான் அவர் இடம். யார் செத்தாலும் அவர் பாட்டைத்தான் பாடினார்கள். பாடி முடித்துவிட்டு, வாசலில் இருந்த அவரைத் தாண்டி நடந்தார்கள். அந்தப் பாட்டு வேண்டும், அந்த ஆள் வேண்டாம்.

"அம்மா பக்கத்துல படுக்க வேண்டாமாப்பா?" என்று ஒருமுறை சண்டை போட்டேன்.

"வேலிக்கு அந்தப் பக்கமும் மண்ணுதான் சாமி. உங்கம்மாளுக்குத் தெரியும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரருக்கு மிஷன் பள்ளியில் வாத்தியார் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். அநாதைப் பிணம் மாதிரி வேலிக்கு வெளியே கிடக்கும் கிழவனின் பேத்திகளை யார் கேட்டு வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவுக்காகத்தான் எல்லாம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது வேறு.

உலகச் சண்டைக் காலத்தில், நூலுக்கு அல்லாடிக்கொண்டிருந்த வருடம், அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. காது நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பத்து நாள் கழித்து ஐயர் இராப்போஜனப் பெட்டியோடு வந்தார். கூடவே தட்டைக் கீறிய அந்த மூப்பரும், பதிவேட்டோடு. ஐயர் கட்டிலோரம் முழங்காலிட்டு ஜெபம் செய்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்பா எப்பவாவது உன்கிட்ட மனசு வருந்திச் சொன்னாராம்மா? நீ சொன்னா போதும். சாட்சியா எழுதிக்குவோம்."

அவர் மனம் இரங்கித்தான் கேட்டார். வழி காட்டினார். நான் அதில் இறங்கிவிட்டேன்.

"சொன்னாருங்க அய்யா. பாடுனது பாவந்தான்னு சொன்னாருங்க."

மூப்பர் எழுதினார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் பாட்டையெல்லாம் எழுதிய அதே கையெழுத்து.

மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். மணி அடித்தார்கள். அம்மாவுக்கு இடப்பக்கம் புதைத்தார்கள். சபை முழுக்க நின்று அவர் பாட்டைப் பாடியது. சித்தப்பா வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். மனந்திரும்பி நித்திரையடைந்தார் என்று பதிவேட்டில் இருக்கிறது. கீர்த்தனைப் புத்தகம் மறுபடி அச்சானபோது அதையே பார்த்து அவர் பேருக்குக் கீழேயும் போட்டுவிட்டார்கள். என் மகள்களுக்கு நல்ல இடம் அமைந்தது.

மூப்பர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நான் கையெழுத்துப் போட்டதும் ஐயர் அப்பத்தைப் பிட்டுத் திராட்சை ரசத்தில் தோய்த்து அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஐயர் மூன்று தடவை முயன்றார். ரசம் தாடையில் வழிந்தது.

"பாவம், விழுங்க முடியல" என்று ஐயர் துடைத்துவிட்டார்.

ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். அன்று காலையில் அப்பா என் கையால் ஒரு டம்ளர் கஞ்சி குடித்திருந்தார்.