இரண்டாவது பித்தான்

ஊமைச்சிக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது, நூல்தான் அறும். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் நாலு முறை அறுந்திருந்தது. ஐந்தாவது முறை அறுந்தபோது கத்தரிக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பழைய துணிகளை அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கும் அந்தக் கடையில் அவளோடு இருபது வருஷமாக வேலை பார்ப்பவர் அவர். மிஷினுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். "மிஷினுக்கு ஒண்ணும் இல்லை," என்றாள். அன்று அவள் கடையில் பேசியது அவ்வளவுதான்.

மிஷினுக்கு ஒன்றும் இல்லைதான். தம்பி மகன் வந்துவிட்டுப் போயிருந்தான்.

வந்தவன் உட்காரவில்லை. அவன் சரித்திர வாத்தியார். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, வகுப்பில் நிற்பதுபோல் நின்றுகொண்டுதான் சொல்வான். கையில் ராணுவ ஆவண அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் இருந்தது. மலைப் பீரங்கிப் படையின் பட்டியலில் அவளுடைய மூத்த அண்ணன் பெயரே இல்லையாம்.

"பெரியப்பா பட்டாளத்துக்கே போகலை அத்தை. எங்கேயோ ஓடிப்போயிருக்கார். ஒரு போட்டோவை எடுத்து வச்சு வீட்டையே ஏமாத்திட்டார்."

வெள்ளிக்கிழமை, போருக்குப் போனவர்களுக்கான நினைவுக்கல்லில் பெயர்களை வெட்ட ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் நூலகக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைச் சத்தமில்லாமல் கழற்றிவிடப் போவதாகச் சொன்னான். யார் கேட்டாலும் அவள் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்றான். "நீங்க எப்பவும்போல இருங்க. அதுதான் எல்லாருக்கும் நல்லது."

எப்பவும்போல. அந்த ஒரு சொல்தான் நூலை அறுத்தது.

எப்பவும்போல என்றால், ஐந்தாம் வகுப்பில் இருந்ததுபோல. வாத்தியார் கேள்வி கேட்பார், அவளுக்குப் பதில் தெரியும், எழுந்து நின்றதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பே சிரிக்கும். அங்கே வைத்த பெயர்தான் ஊமைச்சி. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள், அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, மூத்த அண்ணனைத் தவிர. ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து நேராக வந்து, புருவத்தில் மாவோடு அம்மாவிடம் சண்டை போட்டான். "அவளுக்கு எல்லாம் தெரியும். கேக்கிறவங்களுக்குத்தான் பொறுமை இல்லை," என்றான். சண்டையில் அவன்தான் தோற்றான். ஆனாலும் அவளுக்காக ஒருவர் சண்டை போட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவள் படக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட்டுவது, படத்தின் ஓரத்தை வெட்டுவது, வருகிறவர்களின் உடையைச் சரிசெய்வது என்று நாலைந்து வருஷம் ஓடியது. பேசாதவளுக்குக் கண் இரண்டு மடங்கு வேலை செய்யும். யாருடைய காலர் கிழிந்திருக்கிறது, யார் இரவல் சங்கிலி போட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாசல் ஏறும்போதே தெரிந்துவிடும்.

அப்போதுதான் போர் வந்தது. பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் வரிசையாகப் படம் எடுக்க வந்தார்கள். ஆனால் சீருடை எங்கோ தொலைவில் உள்ள முகாமுக்குப் போன பிறகுதான் கிடைக்கும், அங்கிருந்து விடுப்பு கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்கோ பிள்ளையைச் சீருடையில் பார்க்க வேண்டும். படக்கடை முதலாளி ராணுவம் கழித்துப்போட்ட துணிகளின் ஏலத்துக்குப் போய் ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். காலர் சின்னத்தில் ஒரு மலையும் குறுக்காக இரண்டு பீரங்கிகளும் இருந்தன. அது எந்தப் படையின் கோட்டு என்று அவருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை.

ஒரே கோட்டு ஒல்லிக்கும் குண்டுக்கும் பொருந்த வேண்டுமே. ஊமைச்சிதான் முதுகுப்பக்கத்தைக் கழுத்திலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்து, இருபுறமும் ஆறு நாடாக்கள் வைத்துத் தைத்தாள். ஒல்லியானவருக்கு இழுத்துக் கட்டுவாள், குண்டானவருக்குத் தளர்த்திவிடுவாள். கையில் கொடுக்கும் துப்பாக்கி, ஒரு தச்சர் செய்து கொடுத்தது. மரக்கட்டையில் ஒரு தண்ணீர்க் குழாயைப் பதித்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார். முன்னால் நின்று பார்த்தால் யாராக இருந்தாலும் சிப்பாய்தான்.

முதல் வாரமே ஒரு பெரிய உடம்புக்காரர் வந்து, மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். மேலிருந்து இரண்டாவது பித்தான் தெறித்து, வாசல் சாக்கடையில் விழுந்தது. போர்க்காலத்தில் பித்தளைப் பித்தானுக்கு எங்கே போவது? முதலாளி கத்திய கத்தலில், ஊமைச்சி பக்கத்துத் தெருவிலிருந்த வீட்டுக்கு ஓடி, இனிமேல் வேண்டாத தன் பள்ளிக்கூடக் கோட்டிலிருந்து ஒரு கறுப்புப் பித்தானை அறுத்து வந்தாள். ஓரம் எட்டு இதழ்ப் பூப்போல வெட்டிய பித்தான். அவரை நிற்க வைத்தே தைத்தாள். படத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் முதலாளி.

அண்ணன் வந்தது அதற்கு மறு மாதம். பட்டாளமும் சாப்பிட வேண்டுமே, ரொட்டிக்கடை ஆட்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் அவள் நாடாவைக் கட்டும்போது அவன் சொன்னான்: "முன்னால பட்டாளம், பின்னால பாவாடை நாடா." அவள் சிரித்த சிரிப்பில் அவனும் குலுங்கி முதல் படம் கெட்டது. வீட்டுக்கு வந்தது இரண்டாவது படம். அதிலும் வாயை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறான், சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று. அதைத்தான் பின்னால் வந்தவர்கள் வீரம் என்றார்கள்.

கூடாரத்துக்குள் அடுப்பு, மழையில் மாவு பொங்கவில்லை என்று நாலு கடிதம் வந்தது. பிறகு தந்தி வந்தது. அவன் ரொட்டி ஏற்றிப்போன லாரி கண்ணிவெடியில் போய்விட்டது. அம்மா தந்தியையும் கடிதங்களையும் முகாமிலிருந்து வந்த காகிதங்களையும் அன்றைக்கே அடுப்பில் போட்டாள். காகிதம் வீட்டில் இருந்தால்தானே பிள்ளை செத்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. சுவரில் படம் மட்டும் இருந்தது. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த கடைசித் தம்பி அந்தக் கோட்டையும் துப்பாக்கியையும் பார்த்தே வளர்ந்தான், பார்த்ததை வைத்து ஒரு கதை கட்டினான், அந்தக் கதையைத் தன் மகனுக்குச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

மகன் அதை ஆராய்ச்சி ஆக்கினான். போருக்குப் போனவர்களின் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். பட்டாளத்தில் அல்ல, கல்லூரிக் கால்பந்தில். நூலகக் கூடத்தில் பதினேழு படங்கள் மாட்டினார்கள். அதில் பதினொன்றில் அதே காலர் சின்னம். அப்படியானால் ஊரே மலைப் பீரங்கிப் படையில் இருந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். சில வீடுகளில் இருந்த காகிதங்கள் லாரி என்றும் மருத்துவமனை என்றும் சொன்னபோது, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று, 'பின்னர் இடமாற்றம்' என எழுதிக்கொண்டார்கள். கறுப்புப் பித்தானுக்கும் ஒரு விளக்கம் தயாரானது. படத்துக்குக் கீழே அட்டையில் அழகாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்: 'மறைந்த தளபதிக்காக வீரர்கள் அணிந்த துக்க அடையாளம்.'

திறப்பு விழாவன்று அதைப் படித்தபோதே ஊமைச்சி வாயைத் திறந்திருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்ததும் பின்வரிசைக்குப் போய்விட்டாள். ஆனால் அண்ணன் விஷயத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போதே, அவர் ரொட்டி சுடத்தான் போனார் என்று தம்பி மகனிடம் இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை அவன் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை சிரித்தான்.

"ரொட்டி சுட்டவருக்கு எதுக்கு அத்தை துப்பாக்கி? ஆதாரம் இருக்கா? இல்லைல்ல. எழுத்துப் படிச்சவங்க வேலையை எங்ககிட்ட விடுங்க."

விட்டாள். அவன் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டான், படைப்பிரிவு என்ற இடத்தில் மலைப் பீரங்கி என்று எழுதினான். இல்லாத இடத்தில் தேடிவிட்டு, ஆள் இல்லை என்று வந்து நிற்கிறான். தேடியவன் தப்பு இல்லையாம், செத்தவன் தப்பாம். ஓடிப்போனவனாம். ஏமாற்றுக்காரனாம். தன்னைச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள், அறுபத்தாறு வருஷம் பொறுத்ததுதானே.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குக் குழு கூடும். மூன்றரைக்கே மிஷினை மூடினாள். பித்தான் டப்பாவைக் கவிழ்த்து நாலு கறுப்புப் பித்தான்களைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். எங்கே கிளம்பிட்டீங்க என்று கத்தரிக்காரர் கேட்டதற்கு, "பேச," என்றாள். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். தம்பி மகன் அவளைக் கண்டதும் எழுந்து, வீட்டுல பேசிக்கலாம் அத்தை என்று முணுமுணுத்தான். கேப்டன் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து, நாலு பித்தான்களையும் அவர் முன்னால் விரித்திருந்த குறிப்பேட்டின் மேல் வைத்தாள்.

"அஞ்சாவது அங்க இருக்கு," என்றாள்.

சுவரோரம் நடந்தாள். அந்தக் கோட்டு தெரிந்த ஒவ்வொரு படத்தின் கண்ணாடியிலும் விரலை அழுத்தி எண்ணினாள். பதினொன்று வந்ததும் திரும்பினாள். தொண்டை அடைத்துத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்குக் கோபம் அதை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது.

"எல்லாம் ஒரே கோட்டு. படக்கடைக் கோட்டு. அது என் பள்ளிக்கூடக் கோட்டுப் பித்தான், தைச்சது நான். முதுகுல கிழிச்சு நாடா வச்சதும் நான்."

கேப்டன் பூதக்கண்ணாடியை எடுத்தார். குறிப்பேட்டில் எட்டு இதழ், சுவரில் எட்டு இதழ். மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் துக்க அடையாளம் என்று ஒரு வழக்கம் உண்டு என ஆரம்பித்தார்.

"துக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. உங்க அப்பா மூச்சை இழுத்தார், பித்தான் தெறிச்சுச் சாக்கடையில போச்சு. அவருக்கு நாடாவே எட்டலை. பின்னாடி ஒரு முழம் திறந்து கிடந்துச்சு."

மூலையில் இருந்த ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், இடமாற்றம்னு எழுதிட்டாங்க என்றாள்.

கேப்டனுக்கு முகம் சிவந்தது. ஆனால் கெட்டிக்காரர். குரலைத் தாழ்த்தி, இது வெளியே போனால் பதினொரு குடும்பத்துக்கும் தலைகுனிவு என்றார். ஆகவே ஒன்று செய்யலாம். "உங்க அண்ணன் பேரையும் கல்லுல சேர்த்துடறோம். மத்தவங்களோட சேர்ந்து மலைப் பீரங்கிப் படைன்னே இருக்கட்டும். விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்." தம்பி மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரிதானே அத்தை, முடிஞ்சுதே என்றான்.

"என்ன முடிஞ்சுது?" என்றாள். "எங்க அண்ணன் பொய் சொல்லலை. அவருக்காக நீங்களும் சொல்ல வேண்டாம்."

பிறகு அவனைப் பார்த்தாள். அவன்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினான்.

"ரெண்டு தடவை உன்கிட்ட சொன்னேன். ஆதாரம் கேட்டே. இன்னைக்கு ஒரு பித்தான் சொன்னா நம்புறீங்க. அன்னைக்கு நான் சொன்னப்ப நம்பலை. பித்தானைவிடக் கேடா போயிட்டேனா நான்?"

மேஜை மேல் கிடந்த விண்ணப்பத் தாள்களில் ஒன்றை உருவி அவன் முன்னால் போட்டாள்.

"உக்காந்து எழுது."

எழுதினான். பெயர், பிறந்த வருஷம், தெரு. தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. அவள் சொன்னாள். அவன் எழுதவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள், இந்தத் தடவை வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக: ரொட்டி. சுடுபவர். எழுதி முடிக்கும்வரை அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள். கல்லில் பட்டியலின் கடைசியில் இரண்டு வரி காலியாக இருக்கட்டும், பதில் வந்தபிறகு நிரப்பிக்கொள்ளலாம், வராவிட்டால் காலியாகவே இருக்கட்டும் என்று கேப்டனிடம் சொன்னாள். கெஞ்சிக் கேட்கவில்லை. போகும்போது அண்ணன் படத்தைத் தானே கழற்றினாள். கீழே ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

பதில் வர மூன்று மாதம் ஆனது. பெயர், ராணுவ ரொட்டிக்கூடம், இறந்த தேதி, 'பணியின்போது' என்று ஒரே வரி. தம்பி மகன் மூச்சிரைக்க ஓடிவந்து காட்டினான். புதுசாகக் கண்டுபிடித்தவன்போல முகமெல்லாம் வெளிச்சம். அவள் தைப்பதை நிறுத்தாமல் கேட்டாள், இதில் நான் சொல்லாதது ஏதாவது இருக்கா என்று. அவன் கடிதத்தை மடித்து மிஷின் மேல் வைத்தான்.

கல்வெட்டுகிறவர் வந்த அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. பெயர் போதாதா, தொழில் எதற்கு என்று கேப்டன் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு, உளி நகர நகரப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மகன் ஒரு குடையை எடுத்து வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்.

"இன்னும் கோவமா அத்தை?"

"ஆமா," என்றாள். பிறகு குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கல்வெட்டுகிறவரிடம் சொன்னாள்: "தொழில் இருக்கிற இடத்தை இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க."