திமில் இல்லாத மாடு

வில்லியனூர்ப் பூங்காவில் நிற்கும் இரும்பு மாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணியின் கையில் இருந்த பெரிய ஸ்பேனர்தான் நினைவுக்கு வரும். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாலை. ஏணிமேல் ஏறி நின்றுகொண்டு, தான் செய்த மாட்டின் திமிலைத் தானே கழற்றிக்கொண்டிருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கோபம் எனக்கு.

அண்ணி சிற்பக்கலை படித்தவர். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு செலியமேட்டுக்கு வந்த பிறகு அந்தப் படிப்பு பரணில் கிடந்தது. "பொம்ம செய்யறதுக்கு ஒரு காலேஜா?" என்று என் அம்மா அவர் காதில் விழுகிற மாதிரியே கேட்பாள். பூங்காவில் வைக்கப் பழைய இரும்பில் ஒரு சிலை வேண்டும் என்று வில்லியனூர்க் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் கேட்டதுதான் அவர் பேரைச் சொல்லி வந்த முதல் வேலை. இதில் பேர் எடுத்தால்தான் அடுத்தது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கிருமாம்பாக்கத்தில் இருக்கும் என் டிராக்டர் பட்டறையின் பின்பக்கத்தை ஒழித்துக் கொடுத்தேன். ஊர்க்காரர்கள் இரும்பு கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார் கொம்பானது, சைக்கிள் ரிம்கள் விலா எலும்பாயின. எதிர்வீட்டு மாமா, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் தன் ஆயில் இன்ஜினின் பழைய புல்லி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். பெல்ட் ஓடுகிற அந்தச் சக்கரத்தைத் தோளில் பாதி புதைத்துத் திமிலாக நிறுத்தினதும் மாட்டுக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. வார்ப்பிரும்பில் வெல்டிங் சரியாக நிற்காது, அதனால் அதை மட்டும் போல்ட் போட்டு முடுக்கினோம்.

மாடு பூங்காவுக்குப் போய் நின்ற பிறகுதான் மாமா வந்தார். பங்குனி வெயில், நெல் பால் பிடிக்கிற நேரம், இன்ஜினில் ஓடிக்கொண்டிருந்த புல்லி உடைந்துவிட்டிருந்தது. பாண்டி, கடலூர் என்று கடை கடையாக அலைந்திருக்கிறார். அந்த அளவு இப்போது வருவதில்லை, வார்த்துக் கொடுக்க நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். "குடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாதும்மா. பயிரு காயுது. வேற வழி தெரியல," என்றார். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் காலைப் பார்த்தே பேசினார்.

"நாளைக்கி ஒரு நாள் பொறுத்துக்குங்க மாமா, விழா முடியட்டும்," என்றேன் நான்.

"தொறந்துட்டா கவுருமெண்ட்டு சொத்து தம்பி. ஒரு நட்டு கழட்டணும்னாலும் பத்து பேரு கையெழுத்து போடணும். அதுவரிக்கும் பயிரு காத்துனு இருக்குமா? ஏணிய எடுத்துனு வா," என்றார் அண்ணி.

மறுநாள் பந்தல், மைக், மாலை எல்லாம் தடபுடலாக இருந்தது. துணியை விலக்கினதும் முன்வரிசையில் ஒருவர், "இன்னாபா, எரும மாட்ட செஞ்சி வெச்சிகிறாங்க," என்றார். பந்தலே சிரித்தது. "வேலை இன்னும் பாக்கியாம்மா?" என்று விருந்தினர் கேட்டார். "முடிஞ்சிடுச்சி சார்," என்றார் அண்ணி. உள்ளதைச் சொன்னால் மாமா தலைகுனிய வேண்டுமே. திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எருமைப் பார்க் என்ற பேர் வில்லியனூரில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வேலை எதுவும் வரவில்லை.

மாமாவின் நெல் வீடு வந்து சேர்ந்தது. அடுத்த தையில் மாட்டுப் பொங்கலன்று காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஒரு எட்டு கயினிக்கி வந்துட்டு போம்மா." அவர் உழவு மாடுகளை விற்றுப் பல காலம் ஆகிறது. போய்ப் பார்த்தால், இன்ஜின் கொட்டகையில் அந்தப் புல்லியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார். முன்னால் படையல். குடும்பமே குளித்து, புதுத்துணி உடுத்தி நின்றிருந்தது. பக்கத்துக் கழனிக்காரர்களும் வந்திருந்தார்கள். கற்பூரத் தட்டை அண்ணியின் கையில் கொடுத்தார்.

"எங்கிட்ட மாடு ஏதும்மா? இதான் எங்கூட்டு மாடு. இத மாடா செஞ்சவ நீ, நீயே காட்டு."

அண்ணி தட்டோடு புல்லியின் முன்னால் போய் நின்றார். கற்பூரம் காட்டி முடித்ததும் மாமா, புதிதாக வார்த்த புல்லி வந்துவிட்டது, பொங்கல் முடிந்ததும் பழையதைப் பூங்காவுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றார். அண்ணி சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "வேணாம் மாமா. ஓடறது ஓடட்டும்."

அன்று அங்கே படையலுக்கு வந்திருந்தவர்கள்தான் பேசிப் பேசி, திமிலைக் கழற்றிக் கொடுத்த விஷயத்தைப் பாகூர் வரைக்கும் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே ஒரு பூங்காவுக்காக அண்ணி இரும்புக் கொக்கு செய்துகொண்டிருக்கிறார். வெல்டிங் வைத்தால் சுளுவாக முடிகிற வேலை. கேட்டால்தானே! தலை முதல் கால் வரைக்கும் போல்ட்தான், முடுக்கி முடுக்கி என் தோள்பட்டை போகிறது. முன்பெல்லாம் ஊரில் துருப்பிடித்ததைத்தான் கொடுப்பார்கள். போன வாரம் ஒருவர் நன்றாக ஓடுகிற பம்பு மோட்டாரையே கொண்டுவந்து பட்டறையில் இறக்கிவிட்டு, "நடவு வரிக்கும் இது சும்மாதான் கெடக்கும். அதுவரிக்கும் கொக்கு வெச்சிகினு இருக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.