தொட்டியைக் கழுவிய நாள்

இன்று காலை சாயாவில் உப்புக் கரித்தது. சர்க்கரை டப்பாவைச் சந்தேகப்பட்டேன், பாலை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். இரண்டும் நிரபராதிகள். குழாய்த் தண்ணீர்தான் திருடன். கோடை முற்றினால் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக் குழாய்களில் காயலின் கடலுப்பு இப்படி எட்டிப் பார்க்கும். இதற்கெல்லாம் ஒருத்தி உட்கார்ந்து எழுதுவாளா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் எனக்கு அடுப்படி ஞாபகம் வராது, பட்டறைதான் வரும்.

நான் சம்மட்டி அடித்தவள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற இந்த உடம்பைப் பார்த்து யாரும் நம்புவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னபோது, பாவம், மரியாதைக்குத் தலையாட்டினாள்.

பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் கொல்லர். சுக்கு மணக்கும் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை, அதை ஒட்டினாற்போல் வீடு. ஊருக்கெல்லாம் சுக்கு மணம், எங்களுக்கு மட்டும் உலையில் எரிகிற தேங்காய்ச் சிரட்டைக் கரிப் புகை. தலைக்குக் குளித்து, கூந்தலை உலர்த்தி, மல்லிகை வைத்தாலும் அரை மணியில் புகைதான் ஜெயிக்கும். இன்றைக்கும் யாராவது சிரட்டையைக் கொளுத்தினால் நான் வேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவேன்.

அவருக்குச் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி துபாய்க்குப் போய்விட்டான். ஒற்றை ஆளால் கத்தி அடிக்க முடியாது. ஒரு கையில் குறடு, மறு கையில் சின்னச் சுத்தியல். பெரிய அடி போட இன்னொருவர் வேண்டும். வைத்த ஆட்கள் எல்லாம் இரண்டு நாளில் கையைப் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் நான் போய் நின்றேன். பெண்பிள்ளை பட்டறையில் கால் வைத்தால் உருப்படாது என்று அவருடைய அண்ணன் ஒரு மூச்சு கத்திவிட்டுப் போனார். இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு மாதம் பார்க்கலாம், ஏதாவது கோளாறு வந்தால் நீ அடுப்படிக்கு, நான் கிடங்குக்கு மூட்டை தூக்க என்று சொல்லிவிட்டார்.

அடிக்கிற சத்தத்தில் பேச முடியாது. சின்னச் சுத்தியல்தான் அவருக்கு வாய். இரும்பில் அவர் எங்கே தட்டுகிறாரோ அங்கே என் சம்மட்டி விழ வேண்டும். இரும்பை விட்டு, அது கிடக்கிற வெறும் அடைகல்லில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். ஓங்கின சம்மட்டியைக்கூட இறக்கிவிட வேண்டும். முதல் வாரம் நான் அவர் காட்டின இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அடித்தேன். பிறகு பழகியது. சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட நாட்களிலும் அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் என் அடி இன்னும் பலமாக விழுந்தது.

கத்திக்கு நாங்கள் எடுப்பது பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. துண்டு போட்டு, காய்ச்சி, அடித்து நீட்டி, வாய்ப்பக்கத்தை மெலிசாக்கி, கடைசியாகச் செம்பருத்திப் பூ நிறம் வரும்வரை மறுபடி காய்ச்சி, வாய்ப்பக்கத்தைத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். அந்தத் தோய்ச்சல்தான் கத்திக்கு உயிர். அந்த நிறத்துக்குக் கொஞ்சம் முந்தித் தோய்த்தால் கூர் நிற்காது, பிந்தினால் கத்தி வெடித்துவிடும். அதைப் பார்க்க மீட்டரா இருந்தது? அவருடைய கண்தான். அந்தக் கண்ணில்தான், நான் பட்டறைக்கு வருவதற்குச் சில மாதம் முன்னால், ஒரு பொறி தெறித்திருந்தது. இடது கண். டாக்டர் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருந்தார். அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

போர்ட் கொச்சியில் மீன் நறுக்கிக் கொடுக்கிற மேரி சேச்சிக்கு மூன்று கத்தி வேண்டியிருந்தது. மறுநாள் கல்யாண வீட்டு வேலை, கட்டாயம் வேண்டும் என்று இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். கத்திகளை அடித்து முடித்து, தோய்ச்சலை மத்தியானத்துக்கு வைத்துவிட்டு, இவர் அரம் வாங்க அக்கரையில் இருக்கிற பிராட்வே கடைத்தெருவுக்குப் படகேறினார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே! அந்தக் கல்தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. குறையக் குறைய ஊற்றுவார்களே தவிர ஒருநாளும் மாற்றியதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டியைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்தேன். பைப்புத் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும், வரிசையில் நின்று நாலு குடம் பிடிக்க வேண்டும். இரும்புக்கு எதற்குக் குடிக்கிற தண்ணீர் என்று சிக்கனம் பார்த்து, முற்றத்துக் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினேன். சோப்பு நுரைக்காத, உவர்ப்பேறிய கிணறு. பாராட்டுவார் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் வந்ததும் நேரே உலைக்குப் போனார், தொட்டியைக் கவனிக்கவில்லை. முதல் கத்தியைத் தோய்த்தார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். தூக்கிப் பார்த்தால் வாய்ப்பக்கத்தில் மயிரிழை போல் வெடிப்பு. நெருப்பின் நிறம் தெளிவாகத் தெரிய ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தார். இரண்டாவது கத்தி. டிக். கண்ணைத் துடைத்துக்கொண்டு நெருப்புக்கு இன்னும் பக்கத்தில் போனார். மூன்றாவதும் போயிற்று.

"கண்ணு போச்சுடி. நெறம் பிடிபடமாட்டேங்குது," என்றார்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கத்திகளைப் பொறுக்கி அடுக்கினேன். சூட்டில் காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கிணற்றுத் தண்ணீரில் கழுவின பாத்திரத்தில் தினமும் நான் பார்க்கிற அதே வெள்ளை. மாறினது நெருப்பில்லை, கண்ணில்லை, தண்ணீர்.

உடனே சொன்னேனா? இல்லை. அண்ணன் முகம் கண்முன் வந்தது. சொன்னால் சம்மட்டி என் கையை விட்டுப் போகும், உருப்படாது என்றது சரியாகிவிடும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் தன் கண் செத்துவிட்டது என்று நம்பிக்கொண்டு மூட்டை தூக்குவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். அவர் உலையை அணைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, சேச்சியிடம் கத்தி இல்லை என்று சொல்லிவிட்டு அப்படியே கிடங்கில் வேலை கேட்கப் போவதாகச் சொல்லி வாசல் தாண்டும்வரை யோசித்தேன். அவருடைய சின்னச் சுத்தியலை எடுத்து வெறும் அடைகல்லில் ஒரு தட்டு தட்டினேன்.

நின்றுவிட்டார்.

"தொட்டியக் கழுவினது நான்தான். கிணத்து வெள்ளம் ஊத்தினேன்."

திரும்பி வந்து தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு தரம் வைத்தார். உப்புத் தண்ணீர் இரும்பை வெடுக்கென்று குளிரவைத்து வெடிக்கச் செய்துவிடும் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார். தொட்டியைச் சாய்த்து அந்தத் தண்ணீரைக் கொட்டினார். உள்ளே போய் என் நாலு குடம் குடிதண்ணீரையும் கொண்டுவந்து ஊற்றினார். மறுபடி உலையைப் பற்றவைத்து, மிச்சமிருந்த பட்டைத் துண்டைக் காய்ச்சி, அடிக்காமல் அப்படியே தோய்த்துப் பார்த்தார். இருவரும் காது கொடுத்தோம். சத்தமே இல்லை. அரத்தைப் போட்டார், பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று, அவ்வளவு கெட்டிப்பட்டிருந்தது இரும்பு. அப்போதுதான் அழுதேன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, புகை என்று சொல்லிக்கொண்டார்.

"மூக்கச் சிந்திட்டுச் சம்மட்டிய எடு. மூணு கத்தி அடிக்கணும்," என்றார்.

இருட்டுவதற்குள் அடித்துக் கொடுத்தோம். அன்றைக்கு எங்களுக்குச் சோறு வடிக்கத் தண்ணீர் இல்லை, கடைப் புரோட்டாதான்.

அதற்காக மனிதர் என்னைச் சும்மா விட்டாரா? தினமும் காலையில் நான் பார்க்கும்படி விரலை நனைத்து நக்கிவிட்டுத்தான் உலை மூட்டுவார். கரண்ட் போனாலும், படகு தாமதமானாலும், குழம்பில் காரம் ஏறினாலும் ஒரே கேள்வி: "தொட்டியக் கழுவினியா?" நானும் சளைக்காமல், "இன்னிக்கு நான் கழுவல்ல," என்பேன். கடைசிவரை அந்தக் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சுதான் காலை வாரிவிட்டது. போய் இரண்டு வருஷமாகிறது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது காப்பிக் கடை, அங்கே நல்ல காப்பி கிடைக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

இன்று காலை அந்த உப்புச் சாயாவை வாயில் வைத்ததும் என்னையறியாமல் பின்பக்கம் திரும்பினேன். கேள்வி வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

"இன்னிக்கு நான் கழுவல்ல," என்று சொல்லிவிட்டு, டம்ளரில் இருந்ததை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.