கச்சான் வந்தால் கண்ணை மூடு

வண்டி எதுவானாலும், ஏறுவதற்கு முன்னால் பின்பக்கம் போய் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். வாடகைக் கார் என்றால் டிக்கியைத் திறக்கச் சொல்லுவேன். என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், பிறகு எரிச்சல்பட்டார், இப்போதெல்லாம் நான் பார்த்து முடிக்கிறவரை கைகட்டி நிற்கிறார். கேஸை மூன்று தடவை மூடிப் பார்ப்பது, பிள்ளைகள் பள்ளிவிட்டு வர ஐந்து நிமிடம் பிந்தினால் தெருமுனைக்கு ஓடுவது, இதற்கெல்லாம் என்னிடம் காரணம் கிடையாது. வண்டிக்கு மட்டும் உண்டு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்பாசமுத்திரத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பி குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆற்றோரத் தோப்புகளில் வாழைத்தார் ஏற்றிப்போய் உடன்குடியில் இறக்கிவிட்டு, அங்கிருந்து கருப்பட்டிச் சிப்பங்களோடு திரும்புவார். மாமாவுக்கு ஒரு பெருமை இருந்தது. எந்த ஆளையும் நாலு வார்த்தை பேசவிட்டால் போதும், ஊரையும் தெருவையும் சொல்லிவிடுவாராம். "பாவநாசத்துல இருந்து கடல் வரைக்கும் ஆறு ஒண்ணுதான். ஆனா அஞ்சு மைலுக்கு ஒருக்கா பேச்சு ஒரு திருப்பு திரும்பும்லா" என்பார். தென்காசிக்காரர் ஒருவரை நாங்குநேரி என்று அடித்துச் சொல்லி அசடு வழிந்த கதையை அவர் சொல்லமாட்டார். அத்தை சொல்லுவாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள். மேப்பில் எனக்கு அடையாளம் தெரிகிற ஒரே கோடு அந்த ஆறுதான். மற்ற ஊர்களையெல்லாம் மாமா வண்டியில் உட்கார்ந்து காதால் படித்ததுதான்.

அது ஆனி மாதம். உடன்குடியில் சித்தி மகளுக்குக் காதுகுத்து. விடிந்தும் விடியாமல் மாமா வண்டியில் அம்மாவும் நானும் கிளம்பினோம். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான். என் தலைக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி, அதன் வழியாகச் சுமை தெரியும். "தார் சரியுதான்னு அப்பப்பத் திரும்பிப் பாத்துக்கிட்டே வரணும் பிள்ள, அதான் ஒன் வேல" என்று மாமா சொல்லியிருந்தார். வேலை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. திரும்பித் திரும்பிப் பார்த்து, சேரன்மகாதேவி வருவதற்குள் கழுத்து வலித்தது.

சேரன்மகாதேவியில் ஆற்றை ஒட்டிய தோப்பில் இன்னும் கொஞ்சம் தார் ஏற்றினார்கள். வண்டியின் பின்கதவு வெகுநேரம் திறந்தே கிடந்தது. அம்மா படித்துறையில் இறங்கி முகம் கழுவினாள். ஆற்றின் மேல் வெளிச்சம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது, யாரோ துணி துவைக்கிற சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. வண்டி மறுபடி நகர்ந்தபோது வயல்கள் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றின. கொக்குகள் எழுந்து அதே இடத்தில் உட்கார்ந்தன. நான் தூங்கிப்போனேன்.

மேலப்பாளையத்தில் பின்பக்கத்துத் தார்கள் சிலவற்றை இறக்கியது என் கனவுக்குள் நடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் டீக்கடை முன்னால் நின்றதும் கனவுக்குள்தான். வேளாங்கண்ணி போய்த் திரும்புகிற கடற்கரை ஆட்களின் வேன் ஒன்று பக்கத்தில் நின்றதை அரைக்கண்ணால் பார்த்த ஞாபகம். அந்தக் கனவில் ஆறு எழுந்து, எங்களோடு ரோட்டில் நடந்துவந்தது.

ஆழ்வார்திருநகரி தாண்டி விழித்தேன். வேலை ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று வயதிருக்கும் பெண்பிள்ளை. தார்ப்பாய்க்கு அடியில், வாழைச்சருகில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். கன்னமெல்லாம் சருகு. நெற்றியில் திருநீறு. மாமா வண்டியை நிறுத்த, அம்மா இறங்கிப்போய் அவளைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள்.

"ஏலே தம்பி, இது எங்கன ஏறுச்சுலே?"

மாமா விரல்விட்டு எண்ணினார். நின்ற இடங்கள் மூன்று. மூன்றிலும் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்ரீவைகுண்டத்துக்குத் திருப்பு. ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவோம்."

"பிள்ள பிடிக்கவன் வந்துருக்கான்னு ஊர்பூராப் பேச்சா கெடக்குக்கா. ரோட்டுல எவனும் பாத்தாமின்னா நம்மளப் போட்டு வெளுத்துட்டுத்தான் வெவரம் கேப்பான்."

எதிரே சைக்கிளில் வந்த ஒவ்வொருவரும் எனக்கு அடிக்க வருகிறவராகத் தெரிந்தார்கள். பிள்ளையின் தலையைப் பாவாடையால் மூடினேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மாமா சேரன்மகாதேவித் தோப்புக்காரருக்குப் போன் போட்டார். மணி போனது, எடுக்கவில்லை.

"அம்மா எங்க தாயி?" என்றார் மாமா.

"அம்மா துணி தொவைக்கா."

"மேலப்பாளையம் இல்ல. அங்கனன்னா 'உம்மா'ன்னுல்லா சொல்லியிருக்கும்."

அப்போது வண்டி ஒரு வளைவில் திரும்பி, மேல்காற்று ஜன்னல் வழியே முகத்தில் அடித்தது. பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "கச்சான்" என்றாள்.

மாமா பிரேக்கை மிதித்தார். பிள்ளை முன்னால் சாய்ந்து, "சேசுவே" என்றாள்.

"போதும்" என்றார் மாமா. அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "மேகாத்தக் கச்சான்னு சொல்லுததும், ஏசுவச் சேசுன்னு கூப்பிடுததும் கடல்ல தொழில் பாக்க ஆளுகதான். இது அந்த வேன்ல வந்த பிள்ள. அவிய நமக்கு முன்ன போயிட்டாவ. வேன்ல ஊர்ப்பேரு எழுதியிருந்தத நான் பாத்தேன்."

"நெத்தியில துண்ணூறு பூசியிருக்கேலே. சைவ வீட்டுப் பிள்ளையால்லா தெரியுது."

"துண்ணூறு பூச ஒரு நிமிசம் போதும்க்கா. நாக்கு இப்பிடித் திரும்ப மூணு வருசம் ஆகும்."

மாமா வண்டியைக் கடற்கரைப் பக்கம் விட்டார். வாழைத்தோட்டங்கள் முடிந்து பனைகள் வந்தன. பனைகள் முடிகிற இடத்தில் சிவப்பு மணல்மேடு, அதற்கப்பால் வானம் வெளுத்துப்போய்க் கிடந்தது. என் மடியில் அவள் தனக்குத்தானே ஒரு பாட்டு முனகிக்கொண்டு வந்தாள். வாடை, கொண்டல் என்று ஏதேதோ வந்தது. எல்லாம் காற்றுகளின் பெயர் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவளுடைய சின்னச் சூடு என் வயிற்றில் ஏறி, பயத்தோடு கலந்து, மறுபடியும் தூக்கம்போல ஒன்றாகிவிட்டது.

அந்தக் கடற்கரை ஊருக்குப் பத்துமணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். மாதா கோயில் கோபுரத்து நிழலில் வேன் நின்றது. மாமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவர்போல நடந்தார்.

"எங்க பிள்ளைக எல்லாம் இந்தா கெடக்குவ" என்றாள் வேனில் வந்த ஒரு பெண். கழுத்தில் செபமாலை, இடுப்பில் மீன் வைத்த பனையோலைத் தட்டு. "ஒண்ணுங் கொறையல."

பிள்ளைக்குப் பசி என்று நினைத்து ஒரு துண்டு பொரித்த மீனைக் கையில் கொடுத்தாள். பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மோந்தாள், என்னிடம் நீட்டினாள். தின்கிற பொருள் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"மீன் திங்கத் தெரியல. கடக்கரைப் பிள்ளையாலே இது?" என்றாள் அம்மா.

மாமா கடைசி நம்பிக்கையாக அவளைக் கரையின் சரிவுக்குத் தூக்கிப்போனார். கடல் திறந்தது. பிள்ளை ஒரு கணம் மூச்சுவிடவில்லை. பிறகு அலறினாள். மாமாவின் கையிலிருந்து பாய்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கடலின் வார்த்தைகளையெல்லாம் வைத்திருந்த அந்தப் பிள்ளை கடலைப் பார்த்ததே இல்லை.

மாமாவின் முகம் தொங்கிவிட்டது. அம்மா மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். எங்கேயோ இந்தப் பிள்ளையின் தாய் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். என் காதோரம் பிள்ளை, பயத்தை அடக்குவதற்காக, அந்தப் பாட்டை வேகவேகமாகச் சொன்னாள்.

"வாடை வந்தா வாய மூடு, கொண்டல் வந்தா கையத் தட்டு, கச்சான் வந்தா கண்ண மூடு, சோழகம் வந்தா சோறு உண்ணு."

பனந்தட்டு வைத்திருந்த பெண் அதைக் கீழே வைத்தாள். "இன்னொருக்கச் சொல்லு தாயி" என்றாள். பிள்ளை சொன்னாள். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"இந்தப் பாட்டு இந்தக் கரையில ஒரே வீட்டுலதான் உண்டு. எங்க அண்ணன் அவரு மகளுக்குன்னு கட்டுனது. காலேஜு படிக்கப் போன எடத்துல அவ ஒரு சைவப் பையனோட போயிட்டா. அஞ்சு வருசமாச்சு. எங்க இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியாது. பேரச் சொல்லவும் அண்ணன் விடாது."

அவளுடைய அண்ணன் கரையில் ஒரு வள்ளத்தை ஒருக்களித்துப் போட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. சற்றுத் தள்ளி வேலை முடிந்த வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன, எல்லாம் ஒரே நீலம், அடியில் ஒரு வெள்ளைக் கோடு. தங்கை விஷயத்தைச் சொன்னாள். அவர் திரும்பவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று போல. அழுகையை நிறுத்தி, சத்தத்துக்குத் தக்கபடி பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள்.

கச்சானுக்கு வந்தபோது சத்தம் நின்றது. நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய ஒரு பக்க முகம் தெரிந்தது. கண்ணை மூடியிருந்தார். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சேரமாதேவியில வச்சா ஏத்துனிய?" என்றார், முன்னால் பார்த்தபடியே.

"மூணு எடத்துல நின்னோம் அண்ணாச்சி. எதுல ஏறுச்சுன்னு..."

"சேரமாதேவிதான். படித்துறையில இருந்து மேல ஏறுனா மாவு மில்லு. அதுக்குப் பொறத்த மூணாவது வீடு. கதவு நீலம்."

தங்கை அவரையே பார்த்தாள். "அண்ணே" என்றாள். அவர் எழுந்து வந்து, பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த வாழைச்சருகை எடுத்தார். தூக்கவில்லை.

"நான் சொன்னேன்னு சொல்லக்கூடாது வே."

"சொல்லமாட்டேன் அண்ணாச்சி" என்றார் மாமா.

திரும்புகிற வழியில் தோப்புக்காரர் போனை எடுத்தார். படித்துறையில் ஆட்கள் ஆற்றில் இறங்கித் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மாமா அவரிடம் வீட்டைச் சொல்ல, செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. காதுகுத்து நடந்த நேரத்தில் நாங்கள் மறுபடியும் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். சித்தி இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

பிள்ளையின் தாய் வாசலில் நின்றாள். புடவை இடுப்புவரை நனைந்து காய்ந்திருந்தது. அவளும் ஆற்றில் இறங்கியிருக்கிறாள். பிள்ளையை வாங்கி உச்சியை மோந்தவள், நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள்.

"கடக்கரைக்கா போனிய?"

"எங்கன ஏறுச்சுன்னு தெரியாம அலைஞ்சிட்டோம்மா. பிள்ள பேசுத பேச்ச வச்சே வீட்டக் கண்டுபிடிச்சிட்டேன். நமக்கு அது ஒரு கைவந்த வேல."

"பேச்ச வச்சேவா?"

"ஆமா. பின்ன?"

நான் அம்மாவின் முந்தானையை இழுத்து, "மாமா பொய் சொல்லுதாவ" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அதற்கப்புறம் பல வருஷங்கள், கல்யாண வீடுகளில் எல்லாம் மாமா இதே கதையை இதே மாதிரித்தான் சொன்னார். வள்ளக்காரர் அதில் வந்ததே இல்லை. பெருமைக்காக ஒரு மனிதர் இப்படியும் பொய் சொல்லுவாரா என்று எனக்கு மனத்தாங்கலாகவே இருந்தது.

பிள்ளையின் தகப்பனார் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தாய் பிள்ளையின் பாதங்களைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கில் கடல்மணல் ஒட்டியிருந்தது. "இப்ப வேண்டாம், இருக்கட்டும்" என்று உள்ளே தூக்கிப்போனாள்.

நான் வாசலில் நின்றேன். அந்தத் தெருவில் எல்லாக் கதவும் காவியாகவோ பச்சையாகவோ இருந்தன. இந்த வீட்டுக் கதவு மட்டும் நீலம். அடியில், நிலைப்படிக்கு ஒரு சாண் மேலே, யாரோ கையாலேயே இழுத்த ஒரு வெள்ளைக் கோடு. காலையில் கரையில் பார்த்த அதே நீலம், அதே கோடு. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே கடையில்தான் பெயின்ட் வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஏறினேன்.