ரிவர்ஸ் காட்டுகிறவனுக்கு லைசென்ஸ் இல்லை

"பின்னால் வாங்க, பின்னால் வாங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிற வேலை ஒன்று உலகத்தில் இருப்பது, ஓமானுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சோஹாரில் ஒரு படகு கிளப். கடலுக்குள் சரிந்து இறங்கும் ஒரு சிமெண்ட் பாதை. எங்கள் பாஷையில் ரேம்ப். படகு வைத்திருப்பவர்கள் அதை டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்து வருவார்கள். டிரெய்லர் தண்ணீரில் முங்கும்வரை ரிவர்ஸில் இறக்கினால் படகு மிதந்துவிடும். முழங்கால் தண்ணீரில் நின்று அவர்களுக்குக் கை காட்டுவது நான். சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். விசாவில் ஹெல்பர் என்று போட்டிருந்தது. கடலைப் பற்றி ஏஜெண்ட் மூச்சுவிடவில்லை.

வளைகுடாவில் டிரைவிங் டெஸ்ட் எழுதி ஃபெயிலான அன்பர்களே, இது உங்களுக்காக. ஏனென்றால், ஆறு வருஷமாக ஊருக்கே ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்த எனக்கு லைசென்ஸ் கிடையாது. இங்கே டிரம்களை வரிசையாக நிறுத்தி நடுவில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார்கள். டிரம்மில் இடித்தால் வீட்டுக்குப் போகலாம். நான் அதற்குள் இரண்டு முறை வீட்டுக்குப் போயிருந்தேன்.

மூன்றாம் முறையை அப்படி லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கிளப் டிரைவர் நசீர் பாய் மாதக் கடைசியில் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்புகிறார். அவருடைய வேலையோடு, கிளப்புக்குப் பின்னால் இருக்கும் குடும்ப ரூமும் சேர்ந்து வரும். "அதற்குள் லைசென்ஸ் எடுத்தால் உனக்கு, இல்லையென்றால் வெளியில் ஆள் பார்ப்பேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கல்யாணமாகி ஐந்து வருஷம். நானும் செல்வியும் சேர்ந்திருந்த நாட்களை, எல்லா லீவையும் கூட்டிப் பார்த்தாலும் நாலு மாதம் தேறாது. எனக்கு அந்த ரூம் வேண்டும்.

அடியில் பிடிங்க சார்

டிரெய்லருக்கு ஒரு குணம் உண்டு. ரிவர்ஸில் காரை இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போகும். வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம். நன்றாகக் கார் ஓட்டுகிறவர்கள்தான் இதில் அதிகம் திண்டாடுவார்கள். அதற்கு நான் ஒரு வித்தை வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங்கை மேலே பிடிக்காமல் அடியில் ஒற்றைக் கையால் பிடிக்க வேண்டும். படகு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். தினமும் சொல்லிச் சொல்லி, கனவில்கூட என் கை ஸ்டீயரிங்கின் அடியில்தான் இருக்கும்.

சென்னைக்கார இன்ஜினியர் ஒருவர் புதுப் படகோடு வந்தார். இறங்கியதும் ஒரு காகிதத்தை விரித்தார். காரும் டிரெய்லரும் கோணங்களும் போட்டு, அம்புக்குறியெல்லாம் வரைந்த படம். இரண்டு வாரம் வீடியோ பார்த்துத் தயாரித்ததாம். படத்தின்படி ஓட்டினார். டிரெய்லர் படத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது, நேராகக் குப்பைத் தொட்டியிடம் போய் நின்றது. மூன்றாம் தடவை நான் ஜன்னலருகே போய், "அடியில் பிடிங்க சார்" என்றேன். ஒரே மூச்சில் இறக்கிவிட்டார். முன் சீட்டில் இருந்த அவருடைய மனைவி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"ஏங்க, இதுக்கா ரெண்டு வாரமா நான் வெச்ச காபி ஆறிப்போச்சு?"

தமிழில் சொன்னால் புரிகிறது

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மாதம் ஒரு முறை வருவார்கள். அவர் ஓட்டுவார், அந்த அம்மாள் கீழே நின்று வழி சொல்வார். முதல் நிமிஷம் இரண்டு பேரும் மரியாதையாகப் பேசுவார்கள். ஐந்தாவது நிமிஷத்தில் அந்த அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அன்று அந்தக் கட்டம் மூன்றாவது நிமிஷத்திலேயே வந்துவிட்டது. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது.

நான் தண்ணீரிலிருந்து ஏறி அவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றேன். அவசரத்தில் எனக்கு இங்கிலீஷ் வராது. "வா, வா, வா... ஒடி... இன்னும் ஒடி... நேராக்கு... விடு, விடு, போதும்!" அவரும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்போல ஒவ்வொரு சொல்லுக்கும் திருப்பினார். படகு மிதந்தது. நன்றி சொல்லக் கை கொடுத்தார். அந்த அம்மாள் கடலிலிருந்து பார்வையை எடுக்காமலே இங்கிலீஷில் சொன்னார்:

"இதையேதான் இவ்வளவு நேரமும் அவருக்குப் புரிகிற பாஷையில் நான் சொன்னேன்."

பின்னால் என்ன இருக்கிறது

செவ்வாய்க்கிழமை மூன்றாவது டெஸ்ட். பக்கத்து சீட்டில் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி. கறுப்புக் கண்ணாடி, தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசாதவர். நான் அல்லா, பிள்ளையார் இரண்டு பேரையும் துணைக்கு அழைத்துவிட்டு ரிவர்ஸ் போட்டேன். வண்டி வலது பக்கம் போக வேண்டும். என் கை, ஆறு வருஷ அனுபவத்தோடு, வேலையைச் செய்தது. வண்டி இடது பக்கம் போனது. திருத்துவதற்காக இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம் தப்பாகப் போனது. டிரம் மெதுவாகச் சாய்ந்து, உருண்டு, அடுத்த டெஸ்டுக்காகக் காத்திருந்த மலையாளி நண்பரின் காலடியில் போய் நின்றது.

அதிகாரி கோபப்படவில்லை. கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பின்னால் பார்த்தார். பிறகு ஹிந்தியில் கேட்டார்:

"உன் வண்டிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையே, ஏன் இருக்கிற மாதிரி ஓட்டுகிறாய்?"

சேவியரின் சிகிச்சை

கிளப்பில் எஞ்சின் பழுது பார்ப்பவர் சேவியர் அண்ணன், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். மாதக் கடைசிக்கு இன்னும் இரண்டு வாரம். இன்னொரு டெஸ்டுக்குத் தேதி கிடைத்திருந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. அண்ணன் என்னை ஸ்டோர் ரூமில் ஒரு பெயிண்ட் டப்பாமேல் உட்காரவைத்து, ஸ்டீயரிங்குக்குப் பதிலாக ஒரு மிதவை வளையத்தைக் கையில் கொடுத்தார். "இடது" என்பார், திருப்புவேன். "வலது" என்பார், திருப்புவேன். பத்துக்கு ஒன்பது தப்பு. நடுவில் செல்வி ஃபோன் செய்து, அந்த ரூமில் ஜன்னல் கிழக்கே இருக்கிறதா மேற்கேயா என்று கேட்டாள். திசையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கக்கூடாத நேரம் அது. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சேவியர் அண்ணன் வளையத்தை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினார்.

"லேய் மக்கா, பின்னால ஒரு படகு கெடக்குன்னு ஒனக்க கை நம்பிட்டு. அத மொதல்ல அவுத்து விடு."

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

வெள்ளிக்கிழமை காலையில் ரேம்பில் கால் வைக்க இடமிருக்காது. தொழுகைக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அன்று ஒரு வெள்ளை லேண்ட் குரூசர், பின்னால் மச்சினனிடம் இரவல் வாங்கிய படகு. ஓட்டுகிறவர் படு கச்சிதமாக, புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஸ்டீயரிங்கைத் திருப்பினார். டிரெய்லர் எதிர்ப்பக்கம் போய்க் குறுக்கே நின்றது. நாலு தடவை. பின்னால் ஒன்பது வண்டி. ஐந்தாம் தடவை அவர் இறங்கி வந்தபோதுதான் அந்தக் கறுப்புக் கண்ணாடியை அடையாளம் கண்டேன். நனைந்த பனியனிலும் தொப்பியிலும் இருந்த என்னை அவருக்குத் தெரியவில்லை.

"நீயே எடு" என்று சாவியை நீட்டினார்.

"எனக்கு லைசென்ஸ் இல்லை சார்."

"இந்த வேலையில் இருந்துகொண்டு லைசென்ஸ் இல்லையா? ஏன்?"

"செவ்வாய்க்கிழமை நீங்கள்தான் சார் தரவில்லை."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. சேவியர் அண்ணன் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்து, "சொல்லு" என்றார். "அடியில் பிடிங்க சார்" என்றேன். இரண்டு நிமிஷத்தில் படகு மிதந்தது. அவர் உடனே கிளம்பவில்லை. கரையில் நின்று, இல்லாத ஒரு ஸ்டீயரிங்கை அடியில் பிடித்து, கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தார். பிறகு கையை மெல்ல மேலே கொண்டுபோய் அதே மாதிரி நகர்த்தினார். என்னைக் கூப்பிட்டார்.

"அன்றைக்கு நீ இப்படித்தான் அடியில் பிடித்திருந்தாய், அது படகுக்கு, டிரம் டெஸ்டுக்கு என்றால் மேலே பிடி."

கை மேலே

கடைசி டெஸ்டுக்கும் அவரே வந்தார். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை, நானும் காட்டவில்லை. ஸ்டீயரிங்கின் உச்சியைப் பிடித்தேன். என் கை இரண்டு முறை தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. பின்னால் படகு இல்லை, இல்லை, இல்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். எல்லா டிரம்மும் நின்ற இடத்தில் நின்றன. அந்த வாரமே ரோடு டெஸ்டும் முடிந்தது. அதில் முன்னால்தான் போகச் சொன்னார்கள். டிரம் டெஸ்ட் தாளில் கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதைக் கவனித்தேன். தாளை நீட்டினார், ஆனால் உடனே விடவில்லை.

"நீ டிரைவராகிவிட்டால், வெள்ளிக்கிழமை எனக்குத் தண்ணீரில் யார் நிற்பார்கள்?"

செல்வியை அழைத்துவர மஸ்கட் ஏர்போர்ட் போன அன்று, வாசலுக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் ஒன்று காலியாக இருந்தும், அதற்கு ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்த ஒரே காரணத்துக்காக, வண்டியைக் கடைசி வரிசையில் நேராக விட்டுவிட்டு, அவளை இரண்டு பெட்டியோடு வெயிலில் அரை கிலோமீட்டர் நடத்திக் கூட்டிவந்தேன்.