உதறிய விரிப்பு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘உதறல் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்பதால் இல்லை. கூடத்துக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் கொடி கட்டித்தான் படுக்கை விரிப்புகளைக் காயப்போடுவார்கள். வெயில் சாய்ந்ததும் வைக்கோல் நிற அந்துப்பூச்சிகள் புல்லிலிருந்து எழுந்து வந்து வெள்ளைத் துணியில் அப்பிக்கொள்ளும். மடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு விரிப்பையும் பட்டென்று உதற வேண்டும். அவள் உதறினால் அந்தி வெளிச்சமே துண்டு துண்டாகப் பறப்பது போலிருக்கும்.

“என் மச்சினிங்கல்லாம் வந்தாச்சா?” என்று பூச்சிகளைக் காட்டிச் சன்னல் வழியே கேட்பார், பாய்லர் அறையில் வேலை பார்த்த அவள் கணவர்.

“ஆமா, இந்த வயசுல உங்களுக்கு மச்சினி ஒண்ணுதான் குறைச்சல்!”

பிறகு புல்வெட்டும் இயந்திரம் வந்தது. வெளி மொட்டைத் தலையானது; புல்லின் தூரில் வளரும் அந்துப்பூச்சிப் புழுக்களுக்குப் போக்கிடமில்லை. வருஷத்துக்கு வருஷம் மச்சினிகள் குறைந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். வேலியோரம் மட்டும் நெட்டைப் புல் கொஞ்சம் மிச்சமிருந்தது. இப்போது அதையும் வழித்துவிட்டு வண்டிகள் நிறுத்தப் போகிறார்களாம்.

“அந்த ஓரத்தை மட்டும் விட்டுடுங்க சார். பூச்சி இருக்கு.”

“என் கண்ணுக்கு ஒண்ணும் படலையேம்மா,” என்றார் மேற்பார்வையாளர். நல்ல மனிதர். “ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. மேல பேசிப் பாக்குறேன்.”

அன்றிலிருந்து அந்திதோறும் கொடிகளுக்கு நடுவே காத்து நின்றாள். விரிப்புகள் தூங்குபவர்களின் மார்பைப் போல மெல்ல எழும்பித் தாழும். பாய்லர் சன்னலில் யாரோ நிற்பது போலிருக்கும், திரும்பிப் பார்க்கமாட்டாள்.

மேற்பார்வையாளர் வேலியோரத்தை அளந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவள் எடுத்த விரிப்பின் மூலையில் அது உட்கார்ந்திருந்தது. இறக்கையை ஒடுக்கிய ஒற்றை வைக்கோல் துணுக்கு. ‘சார்’ என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் கைகள் பழகிய வேலையைச் செய்துவிட்டன.

பட்.

அவர் திரும்பியபோது ஆகாயம் வெறுமையாக இருந்தது.

“மூலையில கறை இருக்கே, திரும்பத் துவைக்கப் போடுங்க. நாளைக்குக் காலையில புல் வெட்ட ஆள் வருதும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விரலால் தொட்டாள். கறையில்லை. இறக்கைத் தூள், மங்கலாக மினுங்கியது.

விரிப்பை வேலியைப் பார்த்தபடி மறுபடி கொடியில் போட்டாள். விடியும்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

“வெக்கப்படாம வாங்கடி,” என்றாள் புல்லைப் பார்த்து. “அக்கா இன்னிக்கு உதறமாட்டேன்.”