காலிக் கொட்டாங்கச்சி

கடலில் ஒயின் ஷாப் கிடையாது. பாய்மரப் படகில் ஏற நான் சம்மதித்ததற்கு முதல் காரணம் அதுதான். தீவுகளைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசையெல்லாம் எனக்கு இருந்ததில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பசிபிக் சமுத்திரம் என்றால் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் நீல நிறம், அவ்வளவுதான் தெரியும்.

என் வீட்டுக்காரர் என் அம்மாவின் தம்பி. அதனால் கல்யாணத்துக்கு முன்னும் மாமா, பின்னும் மாமா. சித்தூரில் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். குப்பம் பக்கம் கிரானைட் கம்பெனிகள் முளைத்தபோது அங்கே பாலிஷ் மிஷின்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்த காலம் வந்தது. அவரும் எடுத்தார். துபாயில் படகு கட்டும் பட்டறை ஒன்றில் வேலை. நான் மகளோடு ஊரில் இருந்தேன். நிலமே இல்லாத குடும்பத்துக்கு அந்த வேலையால் ஒரு வீடும் ஒரு ஏக்கர் கொல்லையும் வந்தன. கூடவே குடியும் வந்தது.

லீவில் வந்தால் விமானத்திலிருந்து இறங்கும்போதே வாடை அடிக்கும். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். சும்மா படுத்திருப்பார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "நைனா எழுந்துட்டாரா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி எனக்குப் பொறுக்கவில்லை. காணிப்பாக்கத்துக்கு அழைத்துப் போனேன்.

எங்கள் பக்கத்தில் யாராவது பேச்சை நம்பாவிட்டால், "வா, காணிப்பாக்கம் போலாம்" என்பார்கள். அதோடு சண்டை முடிந்துவிடும். பொய்ச் சத்தியம் செய்தவனை அந்த விநாயகர் விடமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சன்னதியில் நின்று சொல்ல வேண்டும். குடியை விடுவதற்கென்றே நிறையப் பேர் வருவார்கள். அன்று அவர் நடுங்கிக்கொண்டு நின்றார். அர்ச்சகர் தெலுங்கில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, இவர் திருப்பிச் சொன்னார். "இங்க மீத மந்து முட்டுகோனு." இனிமேல் மதுவைத் தொடமாட்டேன் என்று அர்த்தம். குரல் சரியாக எழும்பாததால் நான் முதுகில் ஒரு குத்து விட்டேன். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார்.

அதற்கப்புறம் நியூசிலாந்தில் ஒரு படகுப் பட்டறையில் வேலை கிடைத்தது. இந்த முறை நானும் போனேன். மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்துவிட்டாள். அவர் குடிக்கவில்லை. குடிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேலையிலிருந்து வந்ததும் செருப்பை வாங்கி வைக்கும் சாக்கில் பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்து பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். வேண்டுமென்றே "ஹா" என்று என் முகத்தில் ஊதுவார். ஆனால் பட்டறை ஆட்கள் வெள்ளிக்கிழமை கூடிக் குடிக்கிற நேரத்தில் அவர் எப்போதும் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார். யாராவது கையில் கொடுத்தால் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியாது. என் பயம் அங்கேதான் இருந்தது. சத்தியத்தைச் சொல்ல வைத்தது நான். அது அவருடைய சத்தியமா, என்னுடையதா?

பட்டறையின் மூலையில் சொந்தக்காரர் இறந்துபோன ஒரு பழைய படகு கிடந்தது. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொள் என்று முதலாளி சொன்னார். மாமா சில வருடங்கள் அதை நோண்டிக்கொண்டே இருந்தார், பாய் விரித்து ஓட்டவும் பட்டறை ஆட்களிடம் பழகிக்கொண்டார். ஒரு நாள், "நம்ப படகுமே. ஒரு சுத்து சுத்தி வரலாம் வரியா?" என்றார். மகளுக்கு போனில் சொன்னபோது சிரித்தாள். "ஏம்மா, காளஹஸ்தி பஸ்லயே வாந்தி எடுப்ப. நீ சமுத்திரம் தாண்டறியா?" நான் யோசித்துப் பார்த்தேன். நடுக்கடலில் அவருக்கு யார் ஊற்றிக் கொடுக்கப் போகிறார்கள்? சரி என்றேன்.

வாந்தி எடுத்தேன்தான். பிறகு பழகிவிட்டது. படகில் ஒரு பொருளும் நேராக நிற்காது. காற்று எந்தப் பக்கம் பிடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வீடே சாய்ந்து கிடக்கும். அடுப்பு மட்டும் சாயாது. தொட்டில் மாதிரி இரண்டு பக்கமும் கீலில் தொங்குவதால் படகு எப்படி ஆடினாலும் அது நேராகவே இருக்கும். காணிப்பாக்கத்தில் வாங்கிய சின்னப் பித்தளைப் பிள்ளையாரை அடுப்பின் ஓரத்தில் கம்பி கட்டி வைத்தேன். ராகிக் களி கிளறுவதும் விளக்கு ஏற்றுவதும் ஒரே இடத்தில். தீவுகளில் அருகம்புல் தேடினேன், கிடைக்கவில்லை. தேங்காய்க்குக் குறைவில்லை. பிள்ளையார் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரவும் பகலும் முறை வைத்துக் காவல் இருப்போம். என் முறையில் நான் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு அடிவானத்தைப் பார்த்திருப்பேன். பவழப் பாறைகள் உள்ள இடத்துக்கு வந்தால் முன்பக்கம் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்வேன். கரு நீலம் என்றால் ஆழம், பச்சை என்றால் ஜாக்கிரதை, பழுப்பு என்றால் பாறை. "பழுப்பு மாமா, பழுப்பு!" என்று கத்துவேன். அவர் திருப்புவார். பெரிய துறைமுகங்களில் மதுக்கடைகள் இருக்கும். அங்கெல்லாம் அவரோடு நானும் இறங்கிக் கூடவே நடந்தேன்.

இப்படித்தான் டோங்கா தேசத்தில் ஒரு சின்னத் தீவுக்கு வந்து நங்கூரம் போட்டோம். ஒரு சர்ச்சு, சில வீடுகள், நிறையப் பன்றிகள். ஊர்த் தலைவர் சின்ன ஓடம் ஒன்றில் வந்து எங்களை வரவேற்றார். மலை மாதிரி ஆள், மெல்லிய குரல். ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இங்கே மீன் பிடிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, கடலில் இறங்கிக் குளிக்கவும் கூடாது. அது கர்த்தருடைய நாள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. புரட்டாசி சனிக்கிழமையில் நாங்கள் இருப்பதுபோல அவர்கள் வாராவாரம் இருந்தார்கள்.

சர்ச்சில் ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது. மாமா இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டி சனிக்கிழமை ஓட வைத்தார். அன்று சாயங்காலம் படகுக்கு வந்தபோது அவர் கையில் ஓலைப் பாய் ஒன்று இருந்தது. இடுப்பில் சுற்றிக்கொள்கிற சின்னப் பாய். பெரியவர்கள் முன்னால் போகும்போது ஆண்கள் அதைக் கட்டியிருக்க வேண்டும்.

"நாளைக்கு சர்ச்சுக்கு முன்னாடி கூப்டுக்கிறாங்க. இத கட்டிக்கினு வரணுமாம்" என்றார். "நம்ப ஊருல செத்தாத்தான் பாயில சுத்துவாங்க. இங்க உயிரோட சுத்தறாங்க."

"எதுக்குக் கூப்புடறாங்க?"

"ஆம்பளைங்க வட்டமா குந்திக்கினு கவா குடிப்பாங்களாம். மரியாதை பண்றாங்கமே."

"கவான்னா?"

"ஏதோ வேர இடிச்சி தண்ணியில கரைச்சிப் புழியறாங்க. சாராயம் இல்ல. நாக்கு மரத்துப் போவுமாம். ஒடம்பு லேசாவுமாம்."

"லேசாவும்னா?"

அவர் பாயை மடித்து வைத்தார்.

"காணிப்பாக்கம் ஞாபகம் கீதா?" என்றேன்.

"எத்தினி கடல் தாண்டினாலும் நீ அத வுடமாட்ட."

"போவாத இருந்தா?"

"நாம துன்ற தேங்கா, வாழப்பழம் அல்லாம் அவங்க குடுத்தது. போவலன்னா இன்னா நெனப்பாங்க?"

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எத்தனை நாளைக்குத்தான் நான் சொல்லிக்கொண்டிருப்பது என்று இருந்தது.

காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன்மேல் பாயைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். நானும் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஆண்கள் உட்கார்ந்திருந்தது கடலைப் பார்த்த, சுவரில்லாத ஒரு கொட்டகை. பெண்கள் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் சர்ச்சு மணிக்குக் காத்திருந்தார்கள். என்னையும் அங்கே உட்கார வைத்தார்கள். நடுவில் பெரிய மரத்தொட்டி. ஒரு பெண் அதிலிருந்து மொண்டு கொட்டாங்கச்சியில் ஊற்றித் தர, கைமாறிக் கைமாறி ஒவ்வொருவரிடமும் போகும். வாங்குகிறவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். பார்க்க மழைக்காலத்து ஏரித் தண்ணீர் மாதிரி இருந்தது.

விருந்தாளிக்கு முதலில் வந்தது. மாமா இரண்டு கையாலும் வாங்கினார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். அவர் குடிக்கிற காலத்தில் டம்ளரை எப்படிப் பிடிப்பாரோ அப்படியேதான் பிடித்திருந்தார். என் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பிள்ளையாரப்பா என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடியபடி இருக்கவும் முடியவில்லை.

திறந்தபோது கொட்டாங்கச்சி தரையில் இருந்தது, நிறைந்தபடி. அவர் எழுந்து நின்று இடுப்புப் பாயை அவிழ்த்து மரியாதையாக மடித்து உட்கார்ந்த இடத்தில் வைத்தார். கொட்டகையை விட்டு இறங்கி, மணலில் நடந்து, வேட்டி சட்டையோடு கடலுக்குள் போனார்.

பக்கத்திலிருந்த பெண்கள் "ஹா" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை. ஊரே கூடியிருக்கும்போது, சர்ச்சுக்கு எதிரிலேயே. அவர் அதையெல்லாம் நினைத்த மாதிரி தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஆளுக்குச் சத்தியம் என்றால் முதலில் முழுக்கு. அவருக்குக் குளம் வேண்டியிருந்தது, எதிரில் சமுத்திரம் இருந்தது.

மூன்று முழுக்கு முழுகினார். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, கொட்டகை வாசலில் மேற்கே பார்த்து நின்று கைகூப்பினார். மேற்கில் எங்கேயோ காணிப்பாக்கம்.

"புள்ளையாரே, நான் தொடமாட்டேன்" என்றார். தெலுங்கில் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. மரத்தடி வரைக்கும் கேட்டது.

ஒரு கிழவர் கோபமாக ஏதோ சொல்லி வானத்தைக் காட்டினார். தலைவர் கையை உயர்த்தி அவரை அடக்கிவிட்டு, மாமாவிடம் இங்கிலீஷில் கேட்டார். மாமாவின் பட்டறை இங்கிலீஷ் எனக்குப் புரிகிற அளவுதான். கடவுளுக்குச் சத்தியம், குடிப்பதில்லை, எங்கள் ஊரில் தண்ணீரில் முழுகித்தான் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிட்டேன், மன்னிக்கணும் என்றார்.

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கடவுளுக்குக் கொடுத்ததா, மனைவிக்குக் கொடுத்ததா?" என்று கேட்டார். ஆண்கள் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

மாமாவும் சிரித்தார். "முதலில் மனைவிக்கு" என்றார். பிறகு தன் ஈர மார்பைத் தொட்டு, "இன்றைக்கு எனக்கு" என்றார்.

தலைவர் அந்தக் கொட்டாங்கச்சியை எடுத்து, இருந்ததைத் தொட்டியிலேயே ஊற்றினார். மாமாவை உட்காரச் சொன்னார். வட்டம் மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் மாமாவின் முறை வந்தபோது அந்தப் பெண் காலிக் கொட்டாங்கச்சியைக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, உயர்த்தி, கவிழ்த்துக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்களுக்குச் செய்த மரியாதை ஒன்றையும் அவருக்குக் குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் குற்றம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குத் தண்டனையாக ஈரத் துணியோடு சர்ச்சில் முன் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. நீண்ட பிரசங்கம். பெஞ்சுக்கடியில் குளம் கட்டியது. அவர்கள் பாட்டுப் பாடியபோது கூரையே அதிர்ந்தது. என் காதுக்கு அது திருமலையில் கோவிந்தா போடுகிற சத்தமாகத்தான் இருந்தது. நானும் மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.

படகுக்குத் திரும்பியதும் அவர், "வேட்டிய தொவச்சி போடுமே, உப்பு அரிக்கிது" என்றார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. நாளைக்குத்தான்" என்றேன்.

அன்று முழுக்க அரித்துக்கொண்டு கிடந்தார்.

இன்னும் பல தீவுகளுக்குப் போனோம். பிறகு படகை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். இப்போது சித்தூர் ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒயின் ஷாப். போன வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நான் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் பாட்டில்களோடு ஆண்கள் கூட்டம். அந்தப் பக்கமிருந்து யாரோ ஒரு பையன் சிரித்தது கேட்டது.

"இன்னா மாமா, காலி டம்ளர தூக்கிக் கவுத்து வைக்கிற?"

"எங்க ஊருல இப்பிடித்தான்டா" என்று மாமாவின் குரல்.

"எது உங்க ஊரு?"

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. அடுத்த இலையில் சாம்பார் வேண்டும் என்றார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் ஊற்றப் போனேன்.